சுண்டுவதும் பிழிவதும்: தொடக்கப்பள்ளி உடற்கல்வி வகுப்பில் நடனம்

நடனம் ஆடத் தெரியாத ஓர் உடற்கல்வி ஆசிரியர் சிறு குழந்தைகளுக்கு நடனம் கற்றுத்தர முடியுமா என்று, புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஓட்டம், தாண்டுதல், பந்து என எதைக் கொடுத்தாலும் தயங்காமல் களத்தில் இறங்குகிறவர்கள்கூட, பாடத்திட்டத்தில் நடனம் என்ற சொல்லைக் கண்டதும் பின்வாங்குகிறார்கள். முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தப் பதிலுக்கு வந்து சேர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ஒரு வகுப்புக் குழந்தைகளுக்காவது நான் தவறாகக் கற்பித்துவிட்டேன்.

முதன்முதலில் நடன வகுப்பு என் பொறுப்பில் வந்தபோது, விழாவுக்கு ஒரு நடனத்தைத் தயாரித்துக் கொடுப்பதே வேலை என்று புரிந்துகொண்டேன். ஒரு பாடலைத் தேர்ந்தெடுத்து, எட்டு எட்டு எண்ணிக்கையாகப் பிரித்து, ஒவ்வொரு எட்டுக்கும் ஓர் அசைவை முடிவு செய்து, நாற்பது குழந்தைகளை ஐந்து வரிசையாக நிறுத்தி, ஆறு வாரம் பயிற்சி கொடுத்தேன். விழா நல்லபடியாக முடிந்தது. பெற்றோர் கைதட்டினார்கள். அடுத்த வாரம் அதே குழந்தைகளிடம், எட்டு எண்ணிக்கைக்கு அவரவர் விருப்பப்படி ஓர் அசைவைச் செய்து காட்டச் சொன்னேன். பெரும்பாலானோர் அசையாமல் நின்றார்கள். சிலர் விழாவில் ஆடிய முதல் எட்டு எண்ணிக்கையை அப்படியே திரும்பச் செய்தார்கள். பின்வரிசையில் நின்ற சிறுமி ஒருத்தி, "நீங்க முதல்ல காட்டுங்க டீச்சர்" என்றாள். அவள் தவறாக எதையும் கேட்டுவிடவில்லை. ஆறு வாரமும் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் யோசித்தபோது, அதன் வேர் உடற்கல்வியின் வரலாற்றிலேயே இருப்பது தெரிந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர் ஹென்ரிக் லிங், 1813இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய உடற்பயிற்சி நிறுவனத்திலிருந்து பரவிய முறையில், ஆசிரியர் கட்டளை இடுவார். வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில், ஒரே அளவில் அசையும். உடலைச் சீராக வளர்க்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன் பிறந்த முறை அது. அந்த முறையின் சாயல் நம் கைகளில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விசில், வரிசை, 'ஒன்று, இரண்டு' என்ற எண்ணிக்கை ஆகியவற்றுடன் வளர்ந்த ஓர் உடற்கல்வி ஆசிரியரிடம் நடனத்தைக் கொடுத்தால், அவர் அதையும் ஒரு பயிற்சி அணிவகுப்பாகவே மாற்றிவிடுவது இயல்பு.

வேறு வழியைக் காட்டியவர், நடனக் கலைஞரும் அசைவுகளை ஆராய்ந்தவருமான ருடால்ஃப் லாபன். 1879இல் இன்றைய பிராட்டிஸ்லாவாவில் பிறந்த அவர், 1938இல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அங்கே தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் அசைவுகளை உற்றுக் கவனித்து, ஒரே வேலையை ஒருவர் களைப்பின்றியும் மற்றவர் சிரமப்பட்டும் செய்வதற்குக் காரணம் அவர்கள் விசையைச் செலவிடும் விதம் என்பதை விளக்கினார். 1948இல் அவர் வெளியிட்ட கல்விநடனம் பற்றிய நூல் இங்கிலாந்தின் பள்ளிகளில் நடனம் கற்பிக்கும் முறையையே மாற்றியது. எந்த அசைவையும் நான்கு கேள்விகளால் அணுகலாம் என்பது அவரிடமிருந்து வளர்ந்த மரபு: உடலின் எந்தப் பகுதி அசைகிறது, சுற்றியுள்ள வெளியில், அதாவது இடத்தில், எங்கே அசைகிறது, எப்படிப்பட்ட விசையுடன் அசைகிறது, யாருடன் அல்லது எதனுடன் உறவு கொண்டு அசைகிறது. ஆடத் தெரியாத ஆசிரியருக்கும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்க முடியும். பார்க்கவும் கேட்கவும் தெரிந்தால் போதும். ஆடிக் காட்ட வேண்டியதில்லை. சொல்லப்போனால், ஆடிக் காட்டாமல் இருப்பதுதான் நல்லது. ஆசிரியர் ஒரு முறை கையை உயர்த்திச் சுழற்றினால், வகுப்பில் நாற்பது கைகள் உயர்ந்து சுழலும். குழந்தைகளின் சொந்த எண்ணம் அந்த நொடியிலேயே மறைந்துவிடும்.

லாபனின் சிந்தனையில் எனக்கு மிகவும் பயன்பட்டது, விசையைப் பற்றி அவர் வகுத்த எட்டு அடிப்படைச் செயல்கள். ஓர் அசைவு வலிமையாகவோ மென்மையாகவோ இருக்கலாம். சட்டென்றோ நீடித்தோ நிகழலாம். நேராகவோ வளைந்து நெளிந்தோ செல்லலாம். இந்த மூன்று இணைகளையும் சேர்த்தால் எட்டு வகை கிடைக்கிறது. இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேட நான் அதிகம் உழைக்க வேண்டியிருக்கவில்லை. நம் வினைச்சொற்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. மென்மையாக, சட்டென்று, வளைந்து செய்வது சுண்டுதல். மென்மையாக, சட்டென்று, நேராகச் செய்வது ஒற்றுதல். வலிமையாக, நீடித்து, வளைந்து செய்வது பிழிதல். அதே வலிமையுடன் நேராகச் செய்தால் அழுத்துதல். மிதத்தல், வழுக்கிச் செல்லுதல், குத்துதல், வீசி வெட்டுதல் ஆகியவை மற்ற நான்கு. ஈரத்துணியைப் பிழிவது எப்படி என்று எந்தக் குழந்தைக்கும் விளக்கத் தேவையில்லை. "கை மட்டும் பிழிந்தது போதும், இப்போது முதுகு பிழியட்டும், இடுப்பு பிழியட்டும், தரைக்குப் போகிறவரை பிழியட்டும்" என்று சொன்னால், ஏழு வயதுக் குழந்தையின் உடல் தலையிலிருந்து கணுக்கால்வரை முறுக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்க்கலாம். அப்படியே உறைந்திருக்கச் சொல்லிவிட்டு, அங்கிருந்து ஒரே ஒரு விரலைச் சுண்டி எழுந்திருக்கச் சொன்னால், ஒரு நடனத்தின் முதல் வாக்கியம் எழுதப்பட்டுவிடும்.

இந்த வழியில் போய்க்கொண்டிருந்தபோதுதான் இரட்டைக்கிளவி எனக்குக் கைகொடுத்தது. மூன்றாம் வகுப்பில் அந்த வாரம் மொழிப்பாடத்தில் இரட்டைக்கிளவி நடந்திருந்தது. சரசர, தடதட, படபட, மளமள, வழவழ, கிறுகிறு என்று பலகையில் எழுதியிருந்ததை அழிக்காமல் விட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் தயாரித்து வைத்திருந்த பாடத்தை ஒதுக்கிவிட்டேன். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் அசைவின் வேகத்தையும் கனத்தையும் பரப்பையும் தமக்குள் வைத்திருக்கின்றன. 'சரசர' என்றால் தரையோடு தரையாக, விரைவாக, தொட்டும் தொடாமலும் போவது. 'தடதட' என்றால் முழு எடையையும் பாதத்தில் இறக்குவது. 'மளமள' முறிந்து சரிவதற்கும் உண்டு, தடையின்றி வேலை நடப்பதற்கும் உண்டு. இரண்டையும் உடலில் செய்து பார்த்தால் அவற்றுக்கிடையே உள்ள தூரம் தெரியும். "படபடவென்று எது அடித்துக்கொள்ளும்?" என்று கேட்டேன். சிறகு என்றார்கள், துணி என்றார்கள், கண்ணிமை என்றார்கள். கடைசியில் ஒரு பையன், "நெஞ்சு" என்றான். நெஞ்சு படபடப்பதை நடனத்தில் எப்படிக் காட்டுவது என்று கேட்டபோது, அவன் கைகளை அசைக்கவில்லை. நிமிர்ந்து நின்றபடி குதிகால்களை மட்டும் மிக விரைவாகத் தரையில் தட்டினான். மேலுடல் முழுவதும் மெல்ல அதிர்ந்தது. அதை என்னால் ஒருபோதும் யோசித்திருக்க முடியாது.

அடுத்த வகுப்பில் அதை ஒரு படி மேலே கொண்டுபோனோம். இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்பது இலக்கணம். 'சரசர'வில் ஒரு 'சர'வை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டால் அது ஒன்றுமில்லை. எனவே இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் பாதியைச் செய்யவேண்டும், மற்றவர் மறுபாதியைச் செய்து முடிக்கவேண்டும், இருவரும் சேர்ந்தால்தான் சொல் என்று விதி வைத்தேன். இவ்வளவு எளிய விதி இணைநடனத்தின் எல்லாச் சிக்கல்களையும் அவர்கள் முன் கொண்டுவந்துவிட்டது. மற்றவர் முடிக்கும்வரை நான் என்ன செய்வது? நீ செய்த அதே உயரத்தில் நான் செய்யவேண்டுமா, தாழ்வாகச் செய்யலாமா? எதிரெதிரே நிற்பதா, முதுகோடு முதுகாக நிற்பதா? இந்தக் கேள்விகளைக் கேட்டது நானல்ல. இணைகள் தமக்குள் வாதாடிக்கொண்டிருந்தன. நான் சுற்றி வந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 'கிறுகிறு'வை எடுத்துக்கொண்ட இரண்டு சிறுமிகள், ஒருத்தி சுழன்று நிற்கும் இடத்திலிருந்து மற்றவள் சுழலத் தொடங்கவேண்டும் என்று முடிவு செய்து, அந்த ஒரு நொடியைப் பிடிப்பதற்காக வகுப்பு முடியும்வரை திரும்பத் திரும்ப முயன்றார்கள்.

தாளத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வகுப்புகள் கெட்டுப்போவது இங்கேதான். ஒலிபெருக்கியில் ஒரு பாடலைப் போட்டுவிட்டுக் குழந்தைகளை அதற்கு ஈடுகொடுக்கச் சொல்வதை நாம் இயல்பாக நினைக்கிறோம். ஆனால் சிறு குழந்தைகள் தாமாகத் தட்டும் வேகம் பெரியவர்கள் தட்டுவதைவிட விரைவானது. அவர்களுடைய கால்கள் குட்டையானவை, அடிகள் நெருக்கமானவை. நமக்கு வசதியான நிதானமான பாடல் அவர்களுக்கு இழுவையாக இருக்கும். நான் இப்போது பாடலைப் பிற்பாடு கொண்டுவருகிறேன். முதலில் கையில் ஒரு சிறிய பறை போன்ற தட்டுக்கருவியை வைத்துக்கொண்டு, ஒரு குழந்தையை நடக்கச் சொல்லி, அந்தக் குழந்தையின் காலடிக்கு நான் தட்டுகிறேன். தன் காலுக்குத் தாளம் பின்னால் வருவதை உணர்ந்ததும், குழந்தை வேண்டுமென்றே வேகத்தை மாற்றிப் பார்க்கும், சட்டென்று நின்று பார்க்கும், நான் தவறுகிறேனா என்று திரும்பிப் பார்க்கும். தாளம் என்பது வெளியிலிருந்து வரும் கட்டளை மட்டுமல்ல, தன் உடலும் அதை உண்டாக்குகிறது என்பதை அந்தக் குழந்தை அப்போது அறிந்துகொள்கிறது. அதன்பிறகு பாடலுக்கு ஆடும்போது அவர்களுடைய காது வேறுவிதமாகத் திறந்திருக்கிறது.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒன்று. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில், நான்கு எட்டு எண்ணிக்கை என்பது மொத்தம் 16 நொடிதான். குழந்தைகளே உருவாக்கும் நடனத்துக்கு இந்த 16 நொடி போதுமானது. இதில் ஒரு தொடக்கம், ஒரு மாற்றம், ஒரு முடிவு ஆகிய மூன்றையும் வைக்க இடமுண்டு. மூன்று நிமிடப் பாடல் முழுவதற்கும் ஆடவேண்டும் என்று வைத்தால், குழந்தைகளின் கவனம் நினைவில் வைப்பதிலேயே செலவாகிவிடும்.

உடற்கல்வி ஆசிரியராக எனக்குள்ள கடமையை இதில் எங்கும் விட்டுவிடவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கம் வேண்டும் என்கிறது. நடன வகுப்பும் அந்தக் கணக்கில் சேரக்கூடியதாக இருக்கவேண்டும். அதைவிட முக்கியமானது அடிப்படை அசைவுத்திறன். துள்ளுநடையை எடுத்துக்கொள்வோம்: ஒரு காலால் அடிவைத்து, அதே காலால் சிறிதாகத் துள்ளி, பிறகு மறுகாலுக்கு மாறி அதையே செய்வது. பார்க்க எளிமையாக இருக்கும் இந்த நடை, குழந்தைகள் ஆறேழு வயதில்தான் முழுமையாகப் பிடிக்கும் ஒன்று. அதற்கு முன் பலர் ஒரு பக்கத்தில் மட்டும் துள்ளி மறுபக்கத்தில் வெறும் அடி வைப்பார்கள். குதிரை ஓட்டம் போல ஒரே கால் எப்போதும் முன்னால் இருக்கும் தாவலை அதற்கும் முன்பே கற்றுக்கொண்டிருப்பார்கள். ஓட்டப்போட்டியில் இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது. நடன வகுப்பில் முதல் ஐந்து நிமிடத்திலேயே, எந்தக் குழந்தையின் இடதுபக்கம் இன்னும் துள்ளவில்லை என்பது தெரிந்துவிடும். இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டம் தொடக்கநிலை உடற்கல்விக்குள்ளேயே ஓட்டம், தாண்டுதல், எறிதல், பிடித்தல் ஆகியவற்றுடன் எளிய அசைவு அமைப்புகளைக் கொண்ட நடனத்தையும் வைத்திருப்பது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். நடனத்தைக் கலைப்பாடத்துக்குத் தள்ளிவிட்டால், உடலைப் பார்க்கப் பயின்ற கண்ணை அது இழந்துவிடும்.

தரை, காலணி போன்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழவழப்பான தரையில் காலுறை மட்டும் அணிந்து ஆடுவது ஆபத்து. தரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் வெறுங்கால் நல்லது, இல்லையென்றால் வழுக்காத காலணி. குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கவேண்டும், முன்பாதம் முதலில் தரையைத் தொடவேண்டும், சத்தம் கேட்கக்கூடாது. சத்தமில்லாமல் இறங்குங்கள் என்று சொன்னாலே பெரும்பாலான குழந்தைகள் தாமாகச் சரியாக இறங்கிவிடுகிறார்கள்.

ஆடமாட்டேன் என்று ஒதுங்கும் குழந்தையைப் பற்றி இன்னும் அதிகமாகச் சொல்லவேண்டும். நடனம் பெண்பிள்ளைகளுக்கானது என்ற எண்ணத்துடன் வரும் சிறுவர்கள் உண்டு. தன் உடலைப் பிறர் பார்ப்பதையே தாங்கமுடியாத குழந்தைகளும் உண்டு. இரண்டும் வெளியில் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு. முதல் வகையினரிடம் நான் நடனம் என்ற சொல்லை அவசரப்பட்டுச் சொல்வதில்லை. பந்தைப் பிடிக்கத் தாவும் ஒருவரின் அசைவை நான்கு மடங்கு மெதுவாகச் செய்து காட்டச் சொல்வேன். மெதுவாகத் தாவ முடியாது என்பதால், எடை எங்கே மாறுகிறது, கண் எங்கே போகிறது, கை எப்போது திறக்கிறது என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பத்து நிமிடத்தில் அவர்கள் செய்துகொண்டிருப்பது நடனம்தான். இரண்டாவது வகைக் குழந்தைக்கு எந்தத் தந்திரமும் வேண்டாம். பார்வையிலிருந்து கொஞ்சம் விடுதலை கொடுத்தால் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அந்தக் குழந்தையை முன்னால் அழைத்துத் தனியாகச் செய்து காட்டச் சொல்வது, எவ்வளவு அன்பாகச் செய்தாலும், கொடுமைதான்.

கைகோத்து ஆடும் பகுதிகளில் கையைப் பிடிக்க விரும்பாத குழந்தைக்கு மணிக்கட்டு, முழங்கை, சட்டைக் கையின் நுனி, இருவருக்கும் நடுவே ஒரு துணி என்று வேறு வழிகள் உண்டு. பிடிக்காமலே அருகில் ஆடுவதும் ஒரு வழி. சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவர் என் வகுப்பில் சேர்ந்த ஆண்டில், என் கட்டளைகளில் எத்தனை 'நட', 'காலை வை' என்ற சொற்கள் இருந்தன என்பதைக் கவனித்தேன். அவற்றை 'இடம் மாறு', 'வேறு வழியில் போ' என்று மாற்றினேன். மாற்றியது அவருக்காக, பயன் எல்லோருக்கும் கிடைத்தது. 'நட' என்றபோது நடந்த குழந்தைகள், 'இடம் மாறு' என்றதும் உருண்டார்கள், தவழ்ந்தார்கள், பின்னோக்கிப் போனார்கள். அந்த மாணவரோ சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தள்ளி ஓர் அழகான வளைவை வரைந்தார். அந்த வளைவைக் காலால் நடந்து வரைய மற்றவர்கள் வகுப்பு முழுவதும் முயன்றார்கள்.

பார்ப்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பாதி வகுப்பு ஆடும்போது மறுபாதி உட்கார்ந்து பார்க்கும். முடிந்ததும், "நன்றாக இருந்தது" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. எந்த இடத்தில் வேகம் மாறியது, யார் யாரைப் பார்த்துத் தொடங்கினார்கள், எந்த உருவத்தில் முடித்தார்கள் என்று கண்ணால் கண்டதைச் சொல்லவேண்டும். மதிப்பீட்டுக்கு நான் எழுதிவைப்பதும் அதே போன்றதுதான்: தொடக்கத்தில் அசையாமல் நிற்க முடிகிறதா, நடுவில் ஒரு தெளிவான மாற்றம் இருக்கிறதா, முடிவில் நின்ற உருவத்தை மூன்று எண்ணிக்கைக்காவது தாங்க முடிகிறதா, அதே நடனத்தை அடுத்த வாரமும் செய்ய முடிகிறதா. நளினம், அழகு போன்ற சொற்கள் என் குறிப்பேட்டில் இல்லை. ஏழு வயதுக் குழந்தையின் உடலில் எது அழகு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சென்ற மாதம் நான்காம் வகுப்பில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு, பிழிதலும் மிதத்தலும் கலந்த தங்கள் 16 நொடி நடனத்தைக் காட்டத் தயாராக நின்றது. வழக்கம்போல நான்கு தட்டு கொடுத்துத் தொடங்கிவைக்கக் கருவியை எடுத்தேன். குழுவில் உயரமாக இருந்த சிறுமி, "நீங்க தட்ட வேண்டாம் டீச்சர்" என்றாள். பிறகு எப்படி ஐந்து பேரும் ஒன்றாகத் தொடங்குவீர்கள் என்று கேட்டேன். "மூச்சு இழுக்கிறத வச்சு" என்றாள். கருவியைக் கீழே வைத்தேன். ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோள்கள் மெல்ல உயர்ந்தன. நால்வர் ஒன்றாகத் தொடங்க, ஒருவன் அரை நொடி பிந்திவிட்டான். அவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பிந்தியவனை நடுவில் நிறுத்தி, அவன் மூச்சுக்கு மற்ற நால்வரும் தொடங்குவது என்று தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டு, மறுபடியும் நின்றார்கள்.